வீட்டுலயே காயில் சுத்தி ட்யூன் பண்றது: தீர்ந்து போன பேட்டரிலேர்ந்து வயர்லெஸ் எல்இடி வரைக்கும்

ஜூல் தீஃப் (தீர்ந்த பேட்டரில எல்இடி எரிக்கிற சர்க்யூட்), ஸ்லேயர் எக்ஸைட்டர் (ஒரு ட்ரான்சிஸ்டர்ல ஓடுற சின்ன டெஸ்லா காயில்), பைஃபைலர் பேன்கேக் (ரெண்டு வயர சேத்துச் சுத்தின தட்டைச் சுருள்), பெடினி மோட்டார் (ஒரு பேட்டரில ஓடி இன்னொரு பேட்டரிய சார்ஜ் பண்றதா சொல்ற மோட்டார்), வயர் இல்லாம எல்இடி எரியறதுன்னு எலக்ட்ரானிக்ஸ் வீடியோல எதப் பாத்தாலும் நடுவுல ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். வீடியோ போடுறவர் ட்ரான்சிஸ்டர் எங்க, ரெசிஸ்டர் எங்கன்னு விலாவாரியா காட்டுவாரு, காயில் வந்ததும் "இத நான் ஏற்கனவே சுத்தி வெச்சுட்டேன்"னு எடுத்து டேபிள் மேல வெச்சுட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவாரு. புதுசா வர்றவங்க அங்கதான் மாட்டிக்கிறாங்க. ட்ரான்சிஸ்டர கடைல வாங்கிடலாம், காயிலை நாமதான் சுத்தணும், எத்தன சுத்து, எந்த கேஜ், எந்தப் பக்கம், சுத்தினது சரியா இருக்கான்னு எப்படிப் பாக்கிறது, இதெல்லாம் யாரும் சொல்றதில்ல.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், இதுல எந்தக் காயிலும் உள்ள போற சக்திய விட அதிகமா வெளிய தராது. ஃப்ரீ எனர்ஜின்னு நம்பி வந்திருந்தீங்கன்னா பரவால்ல, இருங்க, அளக்கக் கத்துக்கிட்டா நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க. செத்துப் போச்சுன்னு தூக்கிப் போட்ட பேட்டரி செல்லுல லைட் எரியும், ஒரு ஜாண் தள்ளி வெச்ச சுருள்ல வயரே இல்லாம எல்இடி எரியும், அது போதாதா.

வயர் வாங்கும்போது

நமக்கு வேண்டியது எனாமல் பூசின செம்பு வயர், மோட்டார் காயில் கட்டுற கடைல கிடைக்கிறதே போதும். அங்க எடை போட்டுத்தான் தருவாங்க, நூறு கிராம் கேட்டா சிலர் முறைப்பாங்க, ஸ்பூல்ல மிச்சம் இருக்கிறது எதாச்சும் குடுங்கன்னு கேட்டுப் பாருங்க. சென்னைல இருக்கறவங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனா சின்ன ஸ்பூலாவே வாங்கலாம்.

இங்க ஒரு பெரிய குழப்பம் இருக்கு. அமெரிக்கக்காரங்க எழுதின செய்முறைல 28 கேஜ், 30 கேஜ்னு போட்டிருந்தா அது ஏடபிள்யூஜி, அமெரிக்க வயர் அளவு. நம்ம ஊர் கடைல 28ன்னு கேட்டா குடுக்கிறது எஸ்டபிள்யூஜி, பிரிட்டிஷ் அளவு. நம்பர் ஒண்ணு, தடிமன் வேற. 30 எஸ்டபிள்யூஜி 0.315 மில்லிமீட்டர், 30 ஏடபிள்யூஜி 0.255 மில்லிமீட்டர். அவங்க 28 ஏடபிள்யூஜின்னு சொன்னா நீங்க 30 எஸ்டபிள்யூஜி கேட்டா கிட்டத்தட்ட சரியா வரும். கடைல கேஜ் நம்பரோட மில்லிமீட்டரையும் சொல்லிக் கேக்கறது நல்லது. இந்தக் கட்டுரைக்கு 30 எஸ்டபிள்யூஜி கொஞ்சம், 24 எஸ்டபிள்யூஜி, அதாவது 0.56 மில்லிமீட்டர், ஒரு நூறு கிராம் இருந்தா எல்லாம் முடிஞ்சுடும்.

எனாமல்ல ரெண்டு வகை. சிலது சால்டரிங் அயர்ன் சூட்டுலயே உருகி ஈயம் புடிச்சுக்கும். மோட்டாருக்கு வர்ற வயர் அப்படி இல்ல, நல்லா தாங்குற எனாமல், பிளேடாலயோ உப்புத்தாளாலயோ முனைய சுத்தி சுத்தி சுரண்டி செம்பு பளபளன்னு தெரியற வரைக்கும் எடுக்கணும். சர்க்யூட் வேலை செய்யலன்னு வர்ற கேள்விகள்ல பாதிக்கு மேல இந்த இடம்தான், ஒரு பக்கம் மட்டும் சுரண்டி மேலாப்புல ஈயம் உருட்டி வெச்சிருப்பாங்க, பாக்க ஒட்டின மாதிரியே இருக்கும், கரண்ட் போகாது. சுரண்டினதும் மல்டிமீட்டர்ல பீப் வருதான்னு பாத்துட்டு அப்புறம் சால்டர் பண்ணுங்க.

முதல் காயில்: ஃபெரைட் வளையம்

பழைய சிஎஃப்எல் பல்பு ஒண்ணு எடுங்க. கண்ணாடிக் குழாய உடைச்சிடாதீங்க, உள்ள பாதரசம் இருக்கு, கீழ இருக்கிற பிளாஸ்டிக் மூடிய மட்டும் நெம்பித் திறக்கணும். ஹோல்டர்ல இருந்து எடுத்து ரொம்ப நேரம் ஆன பல்பா இருக்கட்டும், ஏன்னா உள்ள இருக்கிற பெரிய கெப்பாசிட்டர் 230 வோல்ட்ட ரெக்டிஃபை பண்ணி 325 வோல்ட் வரைக்கும் ஏத்தி வெச்சிருக்கும். கைய வெக்கறதுக்கு முன்னாடி அதோட ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர இன்சுலேஷன் உள்ள குறடால புடிச்சு ஒரு நிமிஷம் வெச்சிட்டு, மீட்டர்ல பூஜ்ஜியம் வருதான்னு பாத்துக்கங்க. போர்டுல சின்னதா கருப்பு ஃபெரைட் வளையம் (பீங்கான் மாதிரி இருக்கிற காந்தப் பொருள்) ஒண்ணு, மேல மூணு சின்னச் சுத்தோட இருக்கும். அதான் நமக்கு வேணும். இருக்கிற கம்பியக் கழட்டிப் போட்டுடுங்க.

கம்ப்யூட்டர் பவர் சப்ளைல மஞ்சள்-வெள்ளை பெயின்ட் அடிச்ச வளையம் பெருசா அழகா இருக்கும், பாத்ததும் எல்லாரும் அதத்தான் எடுப்பாங்க. அது பெரும்பாலும் இரும்புத்தூள் கோர் (கம்பிய சுத்தற நடுப்பொருளுக்குப் பேரு கோர்), ஃபில்டர் சோக்குக்கு செஞ்சது, நம்ம வேலைக்கு சுமார்தான். கோர் எப்படின்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. பத்து சுத்து சுத்தி எல்சி மீட்டர்ல (சுருளையும் கெப்பாசிட்டரையும் அளக்கிற மீட்டர்) இண்டக்டன்ஸ், அதாவது சுருள் காந்தமா சக்திய புடிச்சு வெக்கிற அளவு, பாருங்க, வர்றத நூறால வகுங்க, அது ஒரு சுத்துக்கான மதிப்பு. அப்புறம் எத்தன சுத்து வேணுமோ அத வர்க்கம் பண்ணி பெருக்கிக்கலாம். பத்து சுத்துக்கு 100 மைக்ரோஹென்றி வந்தா இருபது சுத்துக்கு 200 இல்ல, 400. இந்த வர்க்கக் கணக்கு மனசுல நிக்கணும், பின்னாடி ட்யூனிங் பூரா இதுலதான் ஓடுது.

இப்போ 30 எஸ்டபிள்யூஜி வயர்ல அரை மீட்டர் நீளத்துக்கு ரெண்டு துண்டு வெட்டுங்க, ரெண்டையும் சேத்துப் புடிச்சு ஒரே வயர் மாதிரி வளையத்துக்குள்ள விட்டு விட்டு எடுங்க, 12லேர்ந்து 15 ஜோடிச் சுத்து போதும். ரெண்டு கலர் எனாமல் கிடைச்சா பெரிய உபகாரம், இல்லன்னா ஒரு வயரோட ரெண்டு முனைலயும் மார்க்கர் தடவி வெச்சுக்கங்க. வளையத்தோட உள் ஓரம் கூரா இருந்தா எனாமல உரசி எடுத்துடும், அதனால ரொம்ப முறுக்கி இழுக்க வேணாம். சுத்தி முடிச்சதும் ரெண்டு வயருக்கும் நடுவுல பீப் வரக்கூடாது, வந்தா எனாமல் போயிருக்கு, திரும்ப சுத்தணும்.

அடுத்தது கனெக்ஷன், இங்க பொறுமையா படிங்க. முதல் வயரோட ஆரம்ப முனையையும் ரெண்டாவது வயரோட கடைசி முனையையும் சேத்து முறுக்குங்க, அது பேட்டரி பாசிட்டிவுக்குப் போகும். மிச்சம் ரெண்டு முனை இருக்கும், ஒண்ணு ட்ரான்சிஸ்டர் கலெக்டருக்கு, இன்னொண்ணு 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியா பேஸுக்கு. எமிட்டர் பேட்டரி நெகட்டிவ். வெள்ளை எல்இடியோட நீளக்கால் கலெக்டர்ல, குட்டக்கால் எமிட்டர்ல. அவ்ளோதான் ஜூல் தீஃப்.

ட்ரான்சிஸ்டர் கால்ல கவனம். பிசி547, பிசி337 ரெண்டுக்கும் தட்டைப் பக்கம் உங்களப் பாத்து, கால் கீழ இருக்கிற மாதிரி புடிச்சா இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 அப்படியே தலைகீழ், எமிட்டர், பேஸ், கலெக்டர். வீடியோல அவர் 2என்3904 போட்டிருப்பாரு, நீங்க பிசி547 வாங்கி அதே மாதிரி சொருகினா சரியா எரியாது, உடனே காயில் தப்புன்னு நெனச்சு அவுத்துட்டு உக்காந்திருப்பீங்க.

எரியலன்னா முதல்ல ஒரே ஒரு சுருளோட ரெண்டு முனைய மட்டும் மாத்திப் போடுங்க. ரெண்டு சுருளும் ஒண்ணுக்கு ஒண்ணு எதிர்த்திசைல வேலை செய்யணும், கலெக்டர் சுருள்ல கரண்ட் ஏறும்போது இன்னொண்ணு பேஸை இன்னும் தள்ளணும், ஒரு கட்டத்துல கோர் நிறைஞ்சோ பேஸ் கரண்ட் பத்தாமயோ ஏறுறது நிக்கும், அப்போ பேஸ் டக்குனு கட் ஆகி கலெக்டர் சுருள்ல சேந்து இருந்த சக்தி வோல்டேஜா எகிறி எல்இடி வழியா பாயும். இது வினாடிக்கு பல்லாயிரம் தடவ நடக்குது. ஓடுதான்னு பாக்க ஆசிலோஸ்கோப் இல்லன்னா பழைய ரேடியோவ மீடியம் வேவ்ல வெச்சு ஸ்டேஷன் இல்லாத இடத்துல நிறுத்தி பக்கத்துல கொண்டு போங்க, இரைச்சல் கேட்டா ஆசிலேஷன் இருக்கு.

எல்இடிய கழட்டிட்டு மட்டும் ஓட விடாதீங்க. அந்த எகிற வோல்டேஜுக்கு போக இடம் இல்லன்னா ட்ரான்சிஸ்டர் மேலதான் விழும், பிசி547 தாங்கறது 45 வோல்ட்தான்.

ரெண்டாவது காயில்: பிவிசி பைப்புல காத்துச் சுருள்

ஃபெரைட்ல கோர் மாறினா கணக்கே மாறிடும். காத்துச் சுருள்ல அப்படி இல்ல, சுத்தறதுக்கு முன்னாடியே பேப்பர்ல இண்டக்டன்ஸ் தெரிஞ்சிடும், ட்யூனிங் கத்துக்க இதான் சரியான எடம். ஹெரால்ட் வீலர்னு ஒரு இன்ஜினியர் 1928ல குடுத்த ஃபார்முலா இன்னைக்கும் ஓடுது. சென்டிமீட்டர்ல சொன்னா: ஆரத்தோட வர்க்கம், பெருக்கல் சுத்தோட வர்க்கம், பெருக்கல் 0.394. இத வகுக்கறது ஒன்பது மடங்கு ஆரமும் பத்து மடங்கு சுருள் நீளமும் கூட்டினா வர்றது. விடை மைக்ரோஹென்றில வரும்.

வெளி விட்டம் 63 மில்லிமீட்டர் இருக்கிற பிவிசி பைப்புல ஒரு ஜாண் நீளத்துக்கு ரெண்டு துண்டு அறுத்துக்கங்க. 24 எஸ்டபிள்யூஜி வயர்ல 50 சுத்து நெருக்கமா சுத்தினா எனாமலோட சேந்து சுருள் நீளம் 3 சென்டிமீட்டர் வரும். வயர் தடிமனையும் சேத்து ஆரம் 3.18 சென்டிமீட்டர்னு வெச்சு கணக்குப் போட்டா 170 மைக்ரோஹென்றி. வயர் பத்து மீட்டர் போகும், எடை ஒரு 22 கிராம், ரெசிஸ்டன்ஸ் 0.7 ஓம் பக்கம். சுத்தி முடிச்சு மீட்டர்ல பாத்தா இதுக்குக் கிட்ட வரணும், ரொம்பத் தள்ளி வந்தா சுத்து எண்ணினதுல தப்பு, மீட்டர் தப்புன்னு மீட்டர்மேல பழி போடாதீங்க.

சுத்தற விதம் இதுதான். பைப்புல ஆரம்பிக்கிற எடத்துல ரெண்டு சின்ன ஓட்டை, வயர ஒண்ணுல விட்டு இன்னொண்ணுல எடுத்து இறுக்கிட்டா அவிழாது. வயர பைப் மேல சுத்தாம, பைப்ப உருட்டி வயர ஏத்துங்க, அதாவது ஸ்பூல ஒரு ஸ்க்ரூடிரைவர்ல கோத்து கால் இடுக்குல வெச்சுக்கிட்டு இடது கை விரலால வயர லேசா இழுத்துப் புடிச்சு வலது கையால பைப்ப திருப்பணும். வயர்ல முறுக்கு விழாது, சுத்தும் நெருக்கமா உக்காரும். பத்து சுத்துக்கு ஒருக்க ஒரு துண்டு செலோ டேப் ஒட்டிட்டே போங்க, போன் வந்தா கூட கவலை இல்ல.

ஒரு பைப்புல 25 சுத்து சுத்தினதும் வயர வெட்டாம ஒரு சின்ன வளையமா முறுக்கி வெளிய விட்டுட்டு, திசைய மாத்தாம அடுத்த 25 சுத்துங்க. அந்த நடு முறுக்குதான் டேப்பிங். இது டிரான்ஸ்மிட்டர் காயில். இன்னொரு பைப்புல டேப்பிங் இல்லாம நேரா 50 சுத்து, அது ரிசீவர்.

கெப்பாசிட்டர் சேத்தா ட்யூனிங்

சுருளோட ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டர் போட்டா அதுக்குன்னு ஒரு சொந்த ஃப்ரீக்வென்சி வந்துடும். ஒண்ணை, இரண்டு பை பெருக்கல் இண்டக்டன்ஸ்-கெப்பாசிட்டன்ஸ் பெருக்கலோட வர்க்கமூலத்தால வகுக்கணும், பள்ளிக்கூடத்துல பாத்த அதே ஃபார்முலா. நம்ம 170 மைக்ரோஹென்றிக்கு 1 நானோஃபேரட் போட்டா 386 கிலோஹெர்ட்ஸ், 4.7 போட்டா 178, 10 நானோஃபேரட் போட்டா 122. நான் 10 நானோஃபேரட்தான் சொல்லுவேன், மேல 103ன்னு போட்டிருக்கும். கம்மி விலைல கிடைக்கிற டிஎஸ்ஓ138 ஸ்கோப் கிட்டோட பேண்ட்வித்தே 200 கிலோஹெர்ட்ஸ்தான், 386 போனா அதுல நீங்க பாக்கிற அளவு சரியா இருக்காது.

எந்த 10 நானோஃபேரட்னு பாத்து வாங்குங்க. பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கெப்பாசிட்டர், கடைல சிபிபின்னு சொன்னா தருவாங்க, அதான் வேணும். தட்டையா காசு மாதிரி இருக்கிற சாதா செராமிக் டிஸ்க் வேணாம், சூடானா மாறும், வோல்டேஜ் ஏறினா மாறும், காலைல ட்யூன் பண்ணது மத்தியானம் இருக்காது.

டிரான்ஸ்மிட்டர் சர்க்யூட் புதுசா ஒண்ணும் இல்ல, ஜூல் தீஃப்தான். டேப்பிங் முனை பேட்டரி பாசிட்டிவ், ஒரு முனை கலெக்டர், இன்னொரு முனை ரெசிஸ்டர் வழியா பேஸ். எல்இடிய எடுத்துடுங்க, 1 கிலோஓமுக்குப் பதிலா 10 கிலோஓம், ரெண்டு வெளி முனைக்கும் நடுவுல அந்த 103. ட்ரான்சிஸ்டர் பிசி337 போடுங்க, ரெண்டு செல்லு, 3 வோல்ட். பேட்டரி வயர் நீளமா இருந்தா சர்க்யூட் பக்கத்துலயே பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் ஒரு 104 (100 நானோஃபேரட் கெப்பாசிட்டர்) போட்டுடுங்க. முன்னாடி எல்இடி இல்லாம ஓட்டாதன்னு சொன்னேனே, இங்க கெப்பாசிட்டர் இருக்கறதால எகிறாது, சுருளும் கெப்பாசிட்டரும் சக்திய மாத்தி மாத்தி வாங்கிக்கிட்டு அலையா ஆடும். ட்ரான்சிஸ்டர் சுட்டுச்சுன்னா ரெசிஸ்டர 22 கிலோஓம் ஆக்குங்க.

ஸ்கோப்ல பாத்தா 122ஐ ஒட்டி சில கிலோஹெர்ட்ஸ் முன்ன பின்ன வரும், அது சகஜம். கெப்பாசிட்டரே 5 சதவீதம், 10 சதவீதம் வித்தியாசத்தோடதான் வருது.

இப்ப ரிசீவர். அதுலயும் 103 ஒண்ணு முனைக்கு முனை போட்டு, கூடவே ரெண்டு சிவப்பு எல்இடிய எதிரும் புதிருமா சேத்து மாட்டுங்க, ஒண்ணோட நீளக்கால் இன்னொண்ணோட குட்டக்கால்ல. ஒரே ஒரு எல்இடி போட்டா திரும்புற அரை அலைல அதுக்கு ரிவர்ஸ் வோல்டேஜ் விழும், ரெண்டு போட்டா ஒண்ண ஒண்ணு காப்பாத்திக்கும். ரெண்டு பைப்பையும் ஒரே அச்சுல, வாய் வாய் பாத்து வெச்சு பக்கத்துல கொண்டு வாங்க, எரியும். கொஞ்சம் தள்ளினா அணைஞ்சிடும். பாதிப் பேரு இதோட போட்டோ எடுத்துட்டு நிறுத்திடறாங்க, ட்யூனிங் வேலையே இன்னும் ஆரம்பிக்கல.

நல்ல சுருள்னா அதோட க்யூ, அதாவது ட்யூனிங் எவ்ளோ கூர்மைங்கற நம்பர், 60 பக்கம் வரலாம். 122ஐ 60ஆல வகுத்தா 2 கிலோஹெர்ட்ஸ், அதாவது அந்த ரெண்டு கிலோஹெர்ட்ஸ் சந்துக்குள்ளதான் ரிசீவர் நல்லா வாங்கும். கெப்பாசிட்டர்ல 5 சதவீதம் வித்தியாசம்னா ஃப்ரீக்வென்சில 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளிடும், சந்துக்கு வெளிய போயாச்சு. ரெண்டு பைப்பும் ஒரே மாதிரி சுத்தியிருந்தும் ஏன் தூரம் வரலன்னா இதான் காரணம்.

சரி பண்ண ரெண்டு கைப்பிடி இருக்கு. பெருசா நகத்தணும்னா சுத்து: ஐம்பதுல ஒரு சுத்து கழட்டினா இண்டக்டன்ஸ் சுமார் 3 சதவீதம் இறங்கும், ஃப்ரீக்வென்சி கிட்டத்தட்ட 1.8 கிலோஹெர்ட்ஸ் ஏறும். சின்னதா நகத்தணும்னா கெப்பாசிட்டர்: இருக்கிற 103க்குப் பக்கத்துலயே ஒரு 100 பிக்கோஃபேரட் சேத்தா ஃப்ரீக்வென்சி 0.6 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். அதனாலதான் அனுபவஸ்தர்கள் எப்பவும் ரெண்டு மூணு சுத்து அதிகமா சுத்தி வெப்பாங்க, கழட்டறது சுலபம், சேக்கறதுக்கு வயர ஜாயிண்ட் போடணும். கடைசி நாலஞ்சு சுத்த நெருக்காம கொஞ்சம் விட்டு விட்டு வெச்சா அதையே நகத்தியும் நுணுக்கமா ட்யூன் பண்ணலாம்.

ஸ்கோப் இல்லாதவங்களுக்கு எல்இடியே மீட்டர். ரிசீவர தள்ளிட்டே போய் எல்இடி அணையற மாதிரி மினுக்குற எடத்துல நிறுத்துங்க, ரூம் லைட்ட அணைச்சிடுங்க, இப்போ 100 பிக்கோஃபேரட், 220, 330ன்னு ஒண்ணொண்ணா தொட்டுப் பாருங்க. பளிச்சுன்னு ஏறினா அத சால்டர் பண்ணிட்டு இன்னும் தள்ளிப் போங்க, திரும்ப பாருங்க. சேக்க சேக்க மங்கினா எதிர்ப்பக்கம் போகணும், அரை சுத்து கழட்டுங்க. பக்கத்துல வெச்சுக்கிட்டு மட்டும் இத பண்ணாதீங்க. ரெண்டு சுருளும் ரொம்ப நெருங்கினா ஒரு உச்சமே ரெண்டா பிரிஞ்சிடும், நடுவுல பள்ளம் விழும், எத மாத்தினாலும் எப்படி எப்படியோ ஆடும், மண்டை காஞ்சிடும்.

ஸ்கோப்பும் எக்ஸ்ஆர்2206 சிக்னல் ஜெனரேட்டர் கிட்டும் இருக்கறவங்க எல்இடிய கழட்டிட்டு, ஜெனரேட்டர்ல ரெண்டு சுத்து வயர் வளையம் மாட்டி சுருள்லேர்ந்து கொஞ்சம் தள்ளி வெச்சு, ஃப்ரீக்வென்சிய மெதுவா திருப்புங்க. அலை உச்சத்துக்குப் போற நம்பர குறிச்சுக்கங்க, அப்புறம் உச்சத்துல 70 சதவீதமா இறங்குற எடம் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. உச்ச நம்பர அந்த ரெண்டுக்கும் இடைல இருக்கிற வித்தியாசத்தால வகுத்தா க்யூ. அளக்கும்போது கீழ இரும்பு டேபிளோ பக்கத்துல அலுமினியப் பாத்திரமோ லேப்டாப்போ இருந்தா நம்பர் நகரும், க்யூவும் விழும். மரம், பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி மேல வெச்சுப் பாருங்க.

டெஸ்லாவோட பைஃபைலர் பத்தி

இத கேக்காம யாரும் போறதில்ல. விஞ்ஞானி நிக்கோலா டெஸ்லா 1894 ஜனவரி 9ல வாங்கின அமெரிக்க பேட்டன்ட், நம்பர் 512340, தலைப்பே மின்காந்தங்களுக்கான சுருள்னுதான். ரெண்டு வயர சேத்துச் சுத்தி, முதல் வயரோட கடைசிய ரெண்டாவதோட ஆரம்பத்துல இணைக்கணும். அப்படிச் செஞ்சா பக்கத்து பக்கத்து சுத்துக்கு நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் எகிறும். அவரே கணக்கு சொல்றாரு: 1000 சுத்து, 100 வோல்ட்னா சாதா சுருள்ல பக்கத்து சுத்துக்கு நடுவுல 0.1 வோல்ட்தான், இதுல 50 வோல்ட், அந்த இடைவெளில சேர்ற சக்தி வர்க்கத்துல போறதால 2,50,000 மடங்கு.

இந்த ரெண்டரை லட்சம் மடங்க எடுத்துக்கிட்டு எத்தன பேரு வீடியோ போட்டிருக்காங்கன்னு பாருங்க. அது வெளிய வர்ற சக்தி இல்ல, சுத்துக்கு நடுவுல கெப்பாசிட்டர் மாதிரி தங்குற சக்தி. டெஸ்லா எதுக்கு இத பண்ணாருன்னா அப்போ கெப்பாசிட்டர் விலை அதிகம், தனியா வாங்காம சுருளுக்குள்ளயே அந்த வேலைய முடிச்சுக்கலாம்னுதான், அதையும் அவரே எழுதியிருக்காரு. ரெசனன்ஸ்ல, அதாவது சுருள அதோட சொந்த ஃப்ரீக்வென்சில ஆட்டும்போது, வோல்டேஜ் ஏறுறத பாத்து மலைக்கிறதும் இதே கதைதான், சொட்டு சொட்டா விழுற தண்ணி குடத்துல நிறைஞ்சு நிக்குது, குடம் நிறைஞ்சதால குழாய் அதிகமா ஊத்துச்சுன்னு ஆகாது.

நீங்களே செஞ்சு பாக்கணும்னா ரெண்டு பழைய சிடிக்கு நடுவுல வயர் தடிமனுக்கு ஒரு அட்டை வளையம் வெச்சு போல்ட் போட்டு இறுக்கி, அந்த சந்துல தட்டைச் சுருளா சுத்தலாம். ஒரு ஜோடி சிடில ஒரே வயரா 60 சுத்து, இன்னொரு ஜோடில ரெண்டு வயரா சேத்து 30 சுத்து, டெஸ்லா சொன்ன மாதிரி இணைச்சு. எல்சி மீட்டர்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே இண்டக்டன்ஸ் காட்டும். கெப்பாசிட்டர் எதுவும் போடாம சொந்த ஃப்ரீக்வென்சி பாத்தா பைஃபைலர் நல்லா கீழ வந்து நிக்கும். நானோவிஎன்ஏன்னு ஃப்ரீக்வென்சிய ஓட்டிப் பாக்கிற சின்ன மீட்டர் இருந்தா இது ரெண்டு நிமிஷ வேலை. வெளில கெப்பாசிட்டர் இல்லாத சுருள்ல ஸ்கோப் ப்ரோப நேரா மாட்டாதீங்க, ப்ரோபோட கெப்பாசிட்டன்ஸ் சுருளோடத விட அதிகம், நீங்க அளக்கறது ப்ரோபத்தான் இருக்கும். கைய பக்கத்துல கொண்டு போனாலே நம்பர் நகரும்.

அளக்கறது

சாதா டிஜிட்டல் மல்டிமீட்டரோட ஏசி ரேஞ்ச் சுமார் 400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் நம்பகம். அத 122 கிலோஹெர்ட்ஸ்ல வெச்சுட்டு உள்ள போறது இவ்ளோ, வெளிய வர்றது அவ்ளோன்னு எழுதினா அது கதை. அதிகமா வருதுன்னு சொல்ற பல வீடியோவுல மேசை மேல இந்த மீட்டர்தான் இருக்கும். ரெண்டு பக்கத்தையும் டிசியா மாத்திட்டு அளந்தா இந்தப் பிரச்சினையே இல்ல.

உள்ள போறதுக்கு: பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து 1 ஓம் ரெசிஸ்டர், அதுக்கப்புறம் 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர், அதுலேர்ந்து சர்க்யூட்டுக்கு. 1 ஓம் மேல எத்தன மில்லிவோல்ட்டோ அத்தன மில்லிஆம்பியர். கெப்பாசிட்டர் மேல வோல்டேஜ் பாத்து ரெண்டையும் பெருக்குங்க. வெளிய வர்றதுக்கு: எல்இடிய எடுத்துட்டு அதே எடத்துல 1என்4148 டையோடு, 10 மைக்ரோஃபேரட், அதுக்கு மேல லோடா ஒரு ரெசிஸ்டர். வோல்டேஜ வர்க்கம் பண்ணி ரெசிஸ்டரால வகுங்க. 1என்4007 போடாதீங்க, அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டுக்கு செஞ்சது, இந்த வேகத்துக்கு மூடித் திறக்காது.

ஜூல் தீஃப்ல உதாரணத்துக்கு 1.4 வோல்ட், 50 மில்லிஆம்பியர் உள்ள போனா 70 மில்லிவாட். லோடு 1 கிலோஓம் மேல 6 வோல்ட் நின்னா 36 மில்லிவாட். பாதிக்கு மேல வந்திருக்கு, வீட்டுல சுத்தின வளையத்துக்கு இது மோசம் இல்ல. இங்கேர்ந்து சுத்து, ரெசிஸ்டர், கோர்னு ஒண்ணொண்ணா மாத்தி நம்பர் ஏறுதா இறங்குதான்னு பாக்கறதுதான் மேல போற வழி, ஒரே நேரத்துல ரெண்ட மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

டெஸ்டர்ல இருக்கிற நியான் எரியுதுன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு: நியானுக்கு 90 வோல்ட் பக்கம் கிடைக்கணும், ஆனா ஒரு மில்லிஆம்பியர் கூட தேவையில்ல. பெடினி மோட்டார் பக்கம் போறவங்க ரெண்டாவது பேட்டரி வோல்டேஜ் ஏறுறத சார்ஜ்னு எடுத்துக்காதீங்க, துடிப்பா அடிச்சா லெட் ஆசிட் பேட்டரி மேலாப்புல வோல்டேஜ் காட்டும், லோடு போட்டு எவ்ளோ நேரம் தாங்குதுன்னு பாத்தாத்தான் தெரியும். ஸ்லேயர் எக்ஸைட்டர் செய்யறவங்க செகண்டரியோட (நெறைய சுத்து உள்ள உயரமான சுருள்) மேல் முனைய விரலால தொடாதீங்க, ஷாக் மாதிரி தெரியாது, தோல்ல பொட்டு மாதிரி சுட்டுடும், உள்ள போய் ஆற நாளாகும். பேஸ்மேக்கர் வெச்சவங்க வீட்டுல இருந்தா இந்த வேலைய வேற எடத்துல வெச்சுக்கங்க.

ட்யூனிங் நிலைச்சதும் சுருள் மேல ஒரு கோட் வார்னிஷ் தடவி காய விடுங்க, மோட்டார் காயில் கடைல அதே வார்னிஷ் கொஞ்சம் ஊத்தித் தருவாங்க. காஞ்சப்புறம் ஃப்ரீக்வென்சிய இன்னொரு தடவ பாக்கணும், சுத்துக்கு நடுவுல காத்து போய் வார்னிஷ் வந்தா கொஞ்சம் கீழ இறங்கும், அதுவும் கெப்பாசிட்டர் இல்லாத சுருள்ல நல்லாவே இறங்கும். அந்தக் கடைசி நம்பரத்தான் பைப் மேல மார்க்கர்ல எழுதணும்: வயர் மில்லிமீட்டர்ல, எத்தன சுத்து, இண்டக்டன்ஸ், மாட்டின கெப்பாசிட்டர், ஃப்ரீக்வென்சி. எந்த முனை ஆரம்பம்னு ஒரு புள்ளியும் வெச்சுடுங்க.